சொல்லுக்காக ஒன்று

ஜெரெப்காவில் துவோஷெயைப் பற்றி விசாரித்தால், "யாரு, கணக்கு கெட்ஸெலோட பொண்டாட்டியா?" என்றுதான் கேட்பார்கள். வாத்து இறகு பிடுங்கிப் பிடுங்கி விரல் நுனியெல்லாம் தேய்ந்துபோய், அந்த இறகை மெத்தைக்கும் தலையணைக்கும் விற்றுக் குடும்பத்தை நடத்தியவளுக்கு இந்த ஊர் கொடுத்த பட்டம் அவ்வளவுதான். கெட்ஸெல் என்ன நடத்தினார் என்று கேட்காதீர்கள். அவர் கூட்டினார்.

யூதர்களாகிய எங்களுக்கு எங்கள் எபிரேய எழுத்துக்கள்தான் எண்களும். முதல் எழுத்து ஒன்று, இரண்டாவது இரண்டு, பத்தைத் தாண்டினால் பத்துப் பத்தாக, நூறைத் தாண்டினால் நூறு நூறாக. ஆகவே எந்தச் சொல்லையும் கூட்டிப் பார்க்கலாம். இரண்டு சொற்களுக்கு ஒரே தொகை வந்தால் அவை பரலோகத்தில் சொந்தக்காரர்கள். திராட்சரசம் எழுபது, இரகசியமும் எழுபது. அதனால்தான் முன்னது உள்ளே போனால் பின்னது வெளியே வருகிறதாம். பாம்பு முந்நூற்றைம்பத்தெட்டு, மேசியாவும் அதே. அந்தக் காலத்துப் பெரியவர்கள் உபவாசம் இருந்து, பயந்து பயந்து, வேதத்தின் அடியாழத்தைப் பார்ப்பதற்காக இதைச் செய்தார்கள். கெட்ஸெல் இதை வைத்துப் பசுமாடு வாங்கலாமா வேண்டாமா என்று சொன்னார்.

பசுமாடு மட்டுமா? வீடு மாறலாமா, மூத்தவளுக்கு அந்தத் தையற்காரன் சரிப்படுவானா, மாமியாரோடு சமாதானமாகப் போகலாமா என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓடினார்கள். அவர் தாடியைக் கோதிக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பழைய பிரார்த்தனைப் புத்தகத்தின் காலி ஓரத்தில் கிறுக்குவார். கேட்க வந்தவர்கள் வாயில் ஈ நுழைவது தெரியாமல் நிற்பார்கள். எப்போதும் தொகை சரியாக வந்துவிடும். வராமல் எப்படி? அதற்குத்தான் ஒரு விதி இருக்கிறதே. தொகை ஒன்று குறைந்தால் பாதகமில்லை, அந்தச் சொல்லையே ஒன்றாக எண்ணிச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் "சொல்லுக்காக ஒன்று". பெரியவர்களே அனுமதித்ததுதான். ஆனால் பெரியவர்கள் அதை அரிதாகத் தொட்டார்கள். கெட்ஸெல் அதை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போட்டார். துவோஷெ இறகை நிறுக்கும்போது தராசில் ஒரு விரலை வைத்திருந்தால் சந்தையில் அவளைச் செருப்பால் அடித்திருப்பார்கள். அவள் புருஷன் பரலோகத்துத் தராசில் விரலை வைத்தார். அவருக்கு ஜெபாலயத்தில் கிழக்குச் சுவரோரம், ஊர்ப் பெரியவர்கள் உட்காரும் வரிசையில், இடம் கொடுத்தார்கள்.

அவளைக் கட்டிக்கொண்டதே ஒரு கூட்டலால்தான். கெட்ஸெல் என்ற பெயர் நூற்றிருபத்துமூன்று. துவோஷெயின் முழுப்பெயர் தெவோரா, அது இருநூற்றுப் பதினேழு. இரண்டும் சேர்ந்தால் முந்நூற்று நாற்பது, அதாவது "புத்தகம்". கல்யாண விருந்தில் எழுந்து நின்று இதைச் சொன்னார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து, குளிர்காலத்தின் நடுவில், அவள் கேட்டாள்:

"புத்தகம் வந்துச்சு, சரி. விறகு எப்ப வரும்?"

"எல்லாத்துலயும் விளையாட்டா உனக்கு?" என்றார் கெட்ஸெல்.

அவள் விளையாடவில்லை. வாத்துக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

இப்படியே இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஜெரெப்காவில் பாதிப் பெண்கள் இப்படிப்பட்ட புருஷர்களோடுதான் காலம் தள்ளினார்கள். ஆனால் மகன் நோஹெம் இருந்தான். ஐந்து வயது. தொண்டையில் ஒரு பக்கம் வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தான். பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒனூஃப்ரி இருந்தார், பட்டாளத்தில் காயம் கட்டிப் பழகியவர், பல் பிடுங்குவார், கட்டி கீறுவார், குடிப்பார். கத்தி வைத்தியர் என்று பெயர். அவரைக் கூப்பிடலாமா என்று துவோஷெ கேட்டாள். கெட்ஸெல் முதலில் பெயரை மாற்றலாம் என்றார்.

எங்களில் அது வழக்கம். நோயாளி சாகக் கிடந்தால் ஜெபாலயத்தில் வேதச்சுருளுக்கு முன்னால் புதுப் பெயர் வைப்பார்கள். மரணதூதன் பழைய பெயர் எழுதின சீட்டோடு வருவான், அந்தப் பெயரில் யாருமில்லை என்று திரும்பிப் போவான். முப்பது நாள் பிழைத்துக் கிடந்தால் புதுப் பெயர் நிலைத்துவிடும். கெட்ஸெல் தன் பையனுக்கு ஹாயிம் என்று வைத்தார். தொகை ஒன்று குறைந்தது, சொல்லுக்காக ஒன்று சேர்த்தார். தூதனுக்கு விலாசம் தெரியாமல் போகவில்லை. மறுநாளே பையனைப் புதைத்தார்கள்.

ஊரார் வந்து, மேலே எழுதினது அப்படி என்றார்கள். துவோஷெ ஏழு நாள் துக்கம் காத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள், எட்டாம் நாள் எழுந்து வாத்து பிடுங்கப் போனாள். கெட்ஸெலும் பென்சிலை எடுத்தார். அந்தப் பையனைப் பற்றி அதன்பின் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் போகாமல் இருந்ததுதான் பையனைக் கொன்றது என்று அவள் நினைத்தாள். ஆனால் நினைப்பது வேறு, உறுதியாகத் தெரிவது வேறு. ஊர் முழுக்க ஒன்று சொல்லும்போது தான் மட்டும் வேறொன்றை நினைப்பதற்கே அவள் பயந்தாள்.

ஏழு வருஷம் கழித்து, ஒன்பது வயது மகள் ஹென்யேக்கு அதே தொண்டை, அதே வீக்கம்.

திங்கட்கிழமை வலி என்றாள். புதன்கிழமை வாயைத் திறக்க முடியவில்லை, பேசினால் வாயில் கிழங்கு வைத்துக்கொண்டு பேசுவது போல் இருந்தது. வியாழக்கிழமை காலை மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வியாழன் எங்களுக்கு வேதச்சுருளை எடுத்துப் படிக்கும் நாள். ஜெபாலயத்தில் ஆட்கள் கூடி, பெயர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். பெயர் வரவில்லை. கெட்ஸெல் முந்தின நாளிலிருந்தே மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஓரம் தீர்ந்துபோய் அட்டையிலும் எழுத ஆரம்பித்திருந்தார்.

துவோஷெயின் அக்கா கோல்டெ வந்து பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தடித்த உடம்பு, அதைவிடத் தடித்த நாக்கு.

"மாப்பிள்ளே, ஊரே அங்க காத்துக்கிட்டு நிக்குது. ஒரு பேரு வெக்க இவ்வளவு நேரமா? எங்க தெருவுல பூனைக்குக்கூட அரை நிமிஷத்துல பேரு வெச்சிருவாங்க."

கெட்ஸெல் தலை நிமிராமல் சொன்னார்: "பூரண சுகம்ங்கிற சொல்லு அறுநூத்து அறுபத்தேழு, மதினி. நோயாளியத் தாயோட பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். 'தெவோராவின் மகள்'ங்கிறதே அறுநூத்துப் பத்தொம்பதத் தின்னுருது. மிச்சம் நாப்பத்தெட்டு. அதுக்குத்தான் பேரு வேணும். ஹாயா இருபத்துமூணு, எட்டல. ஸ்லாட்டெ அம்பத்தொண்ணு, மிஞ்சிப்போகுது."

"அப்ப எம் பேருதான் குத்தமா?" என்றாள் துவோஷெ. "பெத்ததுக்கு மன்னிச்சிருங்க."

கெட்ஸெல் அதைக் காதில் வாங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சரியா நாப்பத்தெட்டு வர்ற பேரு ஒண்ணு இருக்கு."

"அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" என்றாள் கோல்டெ.

"கோல்டெ."

உயிரோடிருக்கும் உறவுக்காரியின் பெயரை எங்களில் யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. வைத்தால் தூதன் குழம்பிப்போய் மூத்தவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயம்.

"அட பாவி மனுஷா!" கோல்டெ எழுந்தே விட்டாள். "நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், எனக்குக் குழி வெட்டறியா? எம் புருஷனுக்கு இந்த யோசனை வந்திருந்தாகூட ஒத்துக்குவேன், அந்தாளு இருவது வருஷமா என்கூடக் குடித்தனம் பண்றாரு!"

"நான் வெக்கிறேன்னு சொல்லலையே, மதினி. வருதுன்னுதானே சொன்னேன்."

அவர் மறுபடி குனிந்தார். துவோஷெ பிள்ளையின் உதட்டில் ஈரத்துணியை வைத்தாள். ஹென்யே அதை உறிஞ்ச முயன்றாள், முடியவில்லை, கண்ணில் நீர் வழிந்தது. அந்தக் கண்ணைத்தான் துவோஷெ ஏழு வருஷத்துக்கு முன்பும் பார்த்திருந்தாள்.

"பெய்லெ," என்றார் கெட்ஸெல். "நாப்பத்தேழு."

துவோஷெக்கு உயிர் வந்தது. சொல்லிக்கொள்ள வெட்கம்தான், ஆனால் உண்மை அதுதான். அந்த நிமிஷம்வரை அவளும் பாதி நம்பிக்கொண்டிருந்தாள்.

"நல்ல பேருதானே? ஒண்ணுதானே குறையுது? சொல்லுக்காக ஒண்ணு சேத்து, ஓடுங்க, ஓடிப்போய்ச் சொல்லுங்க."

"சேக்க மாட்டேன்."

"என்ன?"

"இதுக்குச் சேக்க மாட்டேன். ஒண்ணுகூடக் குறையாம வரணும்."

"தையக்காரன் கல்யாணத்துக்குச் சேத்தீங்க. சாராயக்கடைக்காரன் புது வீட்டுக்குச் சேத்தீங்க. போன வாரம் ஒரு மாட்டுக்குச் சேத்தீங்க!"

"அது மாடு!" கெட்ஸெல் கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. "இது எம் பொண்ணுடி! நோஹெமுக்கு நான் ஒண்ணு சேத்தேன். சேத்து ஏமாத்தினேன். அதனாலதான் அவன் போனான். ஏழு வருஷமா எனக்குத் தெரியும். இவளுக்கு நான் ஏமாத்த மாட்டேன்."

பென்சிலைப் பிடித்திருந்த கையால் முகத்தை மூடிக்கொண்டார். வேறொருத்தியாக இருந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். துவோஷெக்கு அழுகை வரவில்லை. ஏழு வருஷமாகப் பயந்து பயந்து நினைத்தது இப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது.

"அப்ப உங்களுக்கே தெரியும்," என்றாள். "அது ஏமாத்துன்னு உங்களுக்கே தெரியும். ஊருக்குன்னா சேக்கலாம், மாட்டுக்குன்னா சேக்கலாம், சொந்தப் பொண்ணுக்குன்னா கை வராது. நல்லா இருக்குய்யா உங்க பரலோகம்! நான் ஒருத்தி, இத்தன வருஷமா இதுக்கு வாத்து பிடுங்கிப் போட்டுக்கிட்டிருந்தேன்."

அவள் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டாள். கொட்டகையில் கைக்கு முதலில் அகப்பட்ட கொழுத்த வாத்தை வைத்தியர் கூலிக்காகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜெபாலயத்து வாசலில் நின்ற ஆண்கள் எல்லாரும் பார்க்க, பாலத்தில் நடந்தாள். நடந்தாள் என்றா சொன்னேன், ஓடினாள். வாத்து வழி முழுக்கக் கத்திக்கொண்டே போனது. பெயர் வைக்குமுன் கத்தி வைத்தியரைத் தேடிப் போனால் கடவுளை நம்பவில்லை என்று ஊருக்கே தமுக்கு அடிப்பது மாதிரி. வாத்து அந்த வேலையையும் செய்தது.

ஒனூஃப்ரி அன்று அதிசயமாகக் குடிக்காமல் தெளிவாக இருந்தார். அவளோடு கிளம்பி வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் கரண்டிக் காம்பை ஹென்யேயின் பல்லுக்கிடையில் கொடுத்து எட்டிப் பார்த்தார்.

"நேத்தே ஏம்மா வரல?"

"நேத்து கணக்குப் போட்டுக்கிட்டிருந்தாங்க, அய்யா."

கோல்டெ தலையைப் பிடித்துக்கொண்டாள், துவோஷெ கைகளைப் பிடித்துக்கொண்டாள். கத்தி உள்ளே போனது ஒரு நொடிதான். பிறகு கிண்ணம் நிறையச் சீழும் இரத்தமும். பிள்ளை இருமினாள், துப்பினாள், நாறுகிறது என்று அழுதாள், கொஞ்சம் பொறுத்துப் பால் கேட்டாள். துவோஷெ பாலைக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். நோஹெமுக்கும் இவ்வளவுதான் வேண்டியிருந்தது, ஒரு கத்தி, ஒரு கிண்ணம், ஒரு வாத்து.

இந்த நேரத்தில் கெட்ஸெல் எங்கே? அவள் போனதும் அவருக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. ஜெபாலயத்துக்கு ஓடி, ஆட்கள் நெருக்கவே, பெய்லெ என்று சொல்லி, எண்ணையும் சொல்லி, சொல்லுக்காக ஒன்று என்று முணுமுணுத்திருந்தார். பெயர் வைத்த கையோடு, நோயாளிக்காக வேதத்தின் சங்கீதங்களை ஓதப் பத்து ஆண்கள் அவர் பின்னாலேயே வந்தார்கள். வாசலில் வந்து பார்த்தால் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பால் குடிக்கிறாள்.

"பேரு வேலை செஞ்சிருச்சு!" என்று சாராயக்கடைக்காரர் கூவினார். "இப்பத்தானே வெச்சோம்! இன்னும் கால்மணி ஆகல!"

கிணற்றடியில் ஒனூஃப்ரி கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். பத்துப் பேரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் அவர் படவில்லை. இரத்தக் கிண்ணமும் படவில்லை. கெட்ஸெல் கண்ணில் மட்டும் பட்டது. கிண்ணத்தைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிழக்குச் சுவரோரத்து இடத்தை யார்தான் விடுவார்கள்?

முப்பது நாள் கழித்து, பெய்லெ என்ற பெயர் நிலைத்துவிட்டது என்று தேன் கேக்கும் சாராயமும் வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் அந்த நாற்பத்தேழைப் பற்றியும் அதோடு சேர்ந்த ஒன்றைப் பற்றியுமே பேசினார்கள். நடுவில் பீப்பாய்க்காரன் மனைவி ஸ்லாவெ ஒரு கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தை காய்ச்சலில் கொதித்தது, காதைப் பிடித்துப் பிடித்து அலறியது.

"கெட்ஸெல் அய்யா, ஒரு பேரு போட்டுக் குடுங்க. உங்க கை ராசியான கை."

கெட்ஸெல் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எழுதினார், அடித்தார், எழுதினார். ஒன்று குறைந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்கள், அவர் அதைச் சேர்ப்பதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அவர் தலை நிமிர்ந்தபோது எதிரே துவோஷெ சால்வையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"குறையுதா?" என்றாள்.

"ஒண்ணு."

"நீங்க எழுதிக்கிட்டே இருங்க. அந்த ஒண்ணை நான் பாத்துக்கறேன்." குழந்தையை வாங்கிக்கொண்டாள். "வாடி ஸ்லாவெ. முதல்ல பாலத்துக்கு அந்தப்பக்கம் போயிட்டு வருவோம். பேரு எங்கயும் ஓடிப்போகாது."

அன்று தொடங்கியது. அதற்கப்புறம் இருபத்துமூன்று வருஷம், கெட்ஸெலிடம் பெயர் வாங்க வந்த ஒரு நோயாளிகூட துவோஷெயைத் தாண்டி உள்ளே போனதில்லை. வாசலில் வாத்து பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மடியை உதறிவிட்டு எழுந்து, வந்தவர்களைக் கையோடு ஒனூஃப்ரியிடம் கூட்டிப்போவாள், ஒனூஃப்ரி போனபின் அவருக்கு அடுத்து வந்தவரிடம். மாட்டுக்கும் வீட்டுக்கும் வந்தவர்களைத் தடுக்கவில்லை. முட்டாள்தனத்தில் சாகாதவர்களைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. எல்லாரும் பிழைக்கவில்லை, ஆனால் நிறையப் பேர் பிழைத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கெட்ஸெலின் எண்களுக்கு இணையில்லை என்று பெயர் பரவியது. கிழவி வாசலில் உட்கார்ந்து ஆட்களை அலைக்கழிக்கிறாள், அவர் புண்ணியவான், பொறுத்துக்கொள்கிறார் என்றும் சேர்ந்து பரவியது. இந்த ஊருக்குப் புத்தி அவ்வளவுதான்.

கெட்ஸெல் அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்துமூன்று வருஷத்தில் அவளை ஒருநாளும் தடுத்ததில்லை. அவள் திரும்பி வரும்வரை பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒரு மார்ச் மாதத்தில் துவோஷெ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாத்துக் கொட்டகையில் விழுந்தாள். யாரையும் கூப்பிட நேரமில்லை.

கல்லறைக் கல்லில் இறந்த வருஷத்தை வெறும் எண்ணாகப் போடாமல், ஒரு வேத வாக்கியத்தின் எழுத்துக்களைக் கூட்டினால் வருஷம் வருகிற மாதிரி வெட்டுவது எங்களில் மரியாதை. கெட்ஸெல் தன் மனைவிக்கு அப்படி ஒரு வாக்கியம் தேடி மூன்று வாரம் உட்கார்ந்தார். கல்வெட்டுகிறவன் வீட்டுக்கு வந்தபோது காகிதத்தை நீட்டினார். மகள் பெய்லெ, இப்போது இரண்டு பிள்ளைக்காரி, பக்கத்தில் நின்றிருந்தாள்.

கல்வெட்டுகிறவனும் எழுத்தறிந்தவன். உதட்டை அசைத்துக் கூட்டிப் பார்த்தான், மறுபடி கூட்டிப் பார்த்தான்.

"கெட்ஸெல் அய்யா, ஒண்ணு குறையுதே. சொல்லுக்காக ஒண்ணுன்னு ஓரத்துல ஒரு புள்ளி போட்டுரவா? நீங்க எப்பவும் போடறதுதானே?"

கெட்ஸெல் வாசலைப் பார்த்தார். அவள் உட்காரும் முக்காலி அங்கேயே கிடந்தது, யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.

"போடாதே," என்றார். "ஒண்ணு குறையத்தான் செய்யுது."

கல்வெட்டுகிறவனுக்கு விளங்கவில்லை, கிழவருக்குக் கணக்கு மறந்துபோய்விட்டது என்று ஊரில் போய்ச் சொன்னான். ஊரும் நம்பியது. அந்தக் கல் இன்னும் அப்படியே, கணக்கில் ஒன்று குறைச்சலாக நிற்கிறது.